கோத்தகிரியில் வீடியோ எடிட்டிங் கணினி: எந்தப் பாகத்துக்கு முதலில் பணம் ஒதுக்குவது?

கேள்வி (கோத்தகிரி)

வணக்கம். என் தம்பி கோத்தகிரி, குன்னூர் வட்டாரங்களில் திருமணங்களைப் படம்பிடித்து, தொகுத்துக் கொடுக்கிறான். புதிய கேமரா வாங்கியதிலிருந்து 4கே காட்சிகள் அவனுடைய லேப்டாப்பில் திக்கித் திக்கித்தான் ஓடுகின்றன. ஆகவே பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, நாங்களே ஒரு டெஸ்க்டாப் பொருத்திக்கொள்ள நினைக்கிறோம். மானிட்டர் கைவசம் உள்ளது. மற்றவற்றுக்கு 60,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். அதில் பாதியைக் கிராபிக்ஸ் கார்டுக்கே ஒதுக்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். மழைக்காலத்தில் இங்கே மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும். சுவரெல்லாம் ஈரம் கோத்துக்கொள்ளும். எதை இப்போதே வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (குன்னூர்)

கிராபிக்ஸ் கார்டைத் தள்ளிப்போடுங்கள். உங்கள் தம்பியின் கேமரா எந்த வடிவத்தில் பதிவு செய்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இப்போதைய கேமராக்கள் பல, எச்.265 என்ற சுருக்கும் முறையில், நிற விவரம் கூடுதலாக உள்ள 10-பிட் 4:2:2 காட்சிகளைப் பதிவு செய்கின்றன. இண்டெல் 12-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களுக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி அதை நேரடியாகவே விரித்துக் காட்டும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளில் இந்த வசதி கிடையாது. உங்கள் எடிட்டிங் மென்பொருள் இதைப் பயன்படுத்துமா என்று உறுதிசெய்துகொண்டால், அந்தத் தலைமுறையின் ஐ5-12400 பிராசசரே தாராளமாகப் போதும். வாங்கும்போது பெயரின் இறுதியில் ‘எஃப்’ என்ற எழுத்து இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், ஏனெனில் எஃப் வகையில் அந்தக் கிராபிக்ஸ் பகுதி இயங்காது.

மதர்போர்டில் நான்கு ரேம் இடங்கள் இருக்கட்டும். 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியதால், இப்போது 8 ஜிபி இரண்டு போட்டு, பின்னர் 32 ஆக்கிக்கொள்ளலாம். இந்தப் பிராசசருக்குப் பொருந்தும் பி760 வகை மதர்போர்டுகளில் டிடிஆர்4 ரேமுக்கு உரியவை, டிடிஆர்5 ரேமுக்கு உரியவை என இரு வகை உண்டு; ஒன்றுக்குரிய ரேம் மற்றதில் பொருந்தாது.

மிச்சமாகும் பணத்தை எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), யுபிஎஸ் (மின்சாரம் போனால் பேட்டரியில் ஓட்டும் கருவி), எர்த் (கசியும் மின்சாரத்தைத் தரைக்கு அனுப்பும் இணைப்பு) ஆகிய மூன்றுக்கும் செலவிடுங்கள். மலைப்பகுதியில் கணினிகள் பழுதாவதற்கு மின்சாரமே பெரும்பாலும் காரணம் என்பது என் உறுதியான கருத்து. பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருக்கும், ஆனால் மூன்றாவது துளைக்கு ஒயரே போயிருக்காது. அப்படிப்பட்ட இணைப்பில் கணினி ஓடும்போது கேபினட்டின் பெயிண்ட் இல்லாத திருகில் விரல் பட்டால் சுருசுருவென்று இழுக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டியிலிருந்து கசியும் மின்சாரம் தரைக்குப் போக வழியில்லாமல் உலோகக் கூட்டில் நிற்பதே அதற்குக் காரணம். பாகம் வாங்குவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்துவிடுங்கள்.

பதில் (உதகமண்டலம்)

ஈரத்தைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் கணினி தன் சூட்டிலேயே உலர்ந்துவிடும். நாள் கணக்கில் அணைந்து கிடப்பதற்குத்தான் ஆபத்து. ஆகவே மழை நாட்களில், வேலை இல்லாவிட்டாலும் தினமும் சிறிது நேரம் ஓட விடுங்கள். வெளிச்சுவரை ஒட்டியும் தரையிலும் வைக்காதீர்கள். பனிக்காலத்தில் இரவெல்லாம் குளிரில் கிடந்த பார்சலைச் சூடான அறைக்குள் கொண்டுவந்து உடனே பிரித்தால், போர்டின் மேல் ஈரம் முத்து முத்தாகப் படியும். உறையோடு சில மணி நேரம் வைத்திருந்து பிறகு பிரிக்கவும்.

முடித்த வேலைகளைச் சேமிக்க ஹார்டு டிஸ்க் வாங்கினால் உயரத்தை எண்ணிக் கவலைப்பட வேண்டாம். வழக்கமான ஹார்டு டிஸ்குகள் சுமார் 3,000 மீட்டர் வரை இயங்கும்படி வடிவமைக்கப்பட்டவை, நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். காற்று அடர்த்தி குறைவதால் மின்விசிறியின் குளிர்விக்கும் திறன் சற்றே குறையும் என்றாலும், நம் ஊர்க் குளிர் அதை ஈடுகட்டிவிடுகிறது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அப்படியும் யுபிஎஸ் தனியாகத் தேவையா?

பதில் (குன்னூர்)

அது சைன் வேவ் (மின்வாரிய மின்சாரம் போலச் சீரான அலை தரும்) இன்வெர்ட்டரா என்று முதலில் பாருங்கள். ஸ்கொயர் வேவ் (சதுர அலை) வகையாக இருந்தால், ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுகள் சில, அந்த மின்சாரத்தை ஏற்காமல் அணைந்துவிடக்கூடும். சைன் வேவ் ஆகவே இருந்தாலும், மின்சாரம் மாறும் அந்தக் கண நேரத்தில் கணினி ரீஸ்டார்ட் ஆகலாம்; இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு இருந்தால் அதில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். புதிதாக யுபிஎஸ் வாங்குவதானால் விஏ எண்ணை மட்டும் பார்க்காமல் உண்மையில் கிடைக்கும் திறனான வாட் எண்ணையும் பாருங்கள். 600 விஏ என்று எழுதியிருக்கும் யுபிஎஸ் பலவும் 360 வாட்தான் தரும். கார்டு இல்லாத உங்கள் கணினிக்கும் மானிட்டருக்கும் அது போதும். பின்னாளில் கார்டு சேர்க்கும் எண்ணம் இருந்தால் 1,000 விஏ வாங்குங்கள்.

பதில் (மேட்டுப்பாளையம்)

கோவையில் வாங்குவதானால், பிராசசர், ரேம், எஸ்எம்பிஎஸ் மூன்றையும் போர்டில் மாட்டித் திரையில் பயாஸ் (கணினியின் தொடக்க அமைப்பு) பக்கம் வரும்வரை கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு ரேம் சரியில்லை என்பதற்காக மறுபடி மலையிறங்கினால் ஒரு நாள் முழுதும் போய்விடும், அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்தால் மலைப்பாதையே அடைபடும். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி கேட்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.