லூசியின் எலும்புக்கு 32 லட்சம் வயது என்பது எதை அளந்து சொன்னது?

கேள்வி: செங்கை வாசகர்

எத்தியோப்பியாவின் ஹடார் பகுதியில் 1974ஆம் ஆண்டு டொனால்டு ஜோஹன்சன் குழுவினர் கண்டெடுத்த ‘லூசி’ என்ற மனித மூதாதை இனத்துப் பெண் ஏறத்தாழ 32 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவள் என்று என் மகளின் பாடக் குறிப்பில் இருந்தது. கார்பன் முறையில்தான் கண்டுபிடித்தார்களா என்று அவள் கேட்க, நானும் யோசிக்காமல் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு படித்துப் பார்த்தால், கார்பன்-14 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போவதால், சுமார் 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அளப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது என்று இருக்கிறது. அப்படியானால் 32 லட்சம் என்ற எண் எங்கிருந்து வந்தது? எலும்பின் தோற்றத்தை வைத்து அனுமானிக்கிறார்களா? தெரிந்தவர்கள் விளக்கினால் மகளிடம் திருத்திச் சொல்லிவிடுவேன்.

மறுமொழி: பழைய வேதியியல் ஆசிரியர்

ஐயா, லூசியின் எலும்பை யாரும் அளக்கவில்லை என்பதிலிருந்து தொடங்குங்கள். மற்றவை எளிதில் புரிந்துவிடும். அளந்தது அவள் கிடைத்த படிவுகளோடு சேர்ந்திருக்கும் எரிமலைச் சாம்பல் அடுக்கைத்தான். சாம்பலில் உள்ள சில படிகங்களில் பொட்டாசியம் உண்டு. அதில் மிகச் சிறு பங்கான பொட்டாசியம்-40 மெல்ல மெல்லச் சிதைந்து, ஒரு பகுதி ஆர்கான் வாயுவாக மாறுகிறது. பொட்டாசியம்-40இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 125 கோடி ஆண்டுகள் என்பதால் லட்சக்கணக்கான ஆண்டுகளை அளக்க அது தோதானது. எரிமலைக் குழம்பாகக் கொதிக்கும்போது பழைய ஆர்கான் வெளியேறிவிடும்; குளிர்ந்து படிகமான பிறகு உருவாகும் ஆர்கான் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஆகவே எரிமலை வெடித்த நாளே கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கிய நாள். இப்போது ஒவ்வொரு படிகத்தையும் தனித்தனியே லேசரால் உருக்கி, வெளிவரும் வாயுவை அளக்கிறார்கள். சாம்பலின் வயது தெரிந்ததும், எலும்பு அதற்கு மேலே இருந்ததா, கீழே இருந்ததா, எவ்வளவு தள்ளி இருந்தது என்பதை வைத்து எலும்பின் காலத்தைக் கட்டுகிறார்கள். இதனால்தான் மண்ணடுக்கைக் குறித்துக்கொள்ளாமல் பொறுக்கி வந்த எலும்புக்கு, அது எவ்வளவு முழுமையாக இருந்தாலும், மதிப்பு பாதியாகிவிடுகிறது.

மறுமொழி: நிலவியல் மாணவி

ஆசிரியர் ஐயா சொன்னது சரி. ஆனால் அந்தக் கடிகாரமும் ஏமாற்றியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கென்யாவில் துர்கானா ஏரியின் கிழக்கே கேபிஎஸ் என்று பெயரிட்ட ஒரு சாம்பல் அடுக்கு இருக்கிறது. அதன் மாதிரிகள் முதலில் 20 கோடி ஆண்டுகளைத் தாண்டிய வயதைக் காட்டின; மிகப் பழைய பாறைத் துகள்கள் கலந்திருந்ததே காரணம். அவற்றைக் கழித்துவிட்டு மறுபடி அளந்தபோது 26 லட்சம் என்று வந்தது. 1972இல் தொல்மானிடவியலாளர் ரிச்சர்டு லீக்கியின் குழு அந்த அடுக்குக்குக் கீழே 1470 என்ற எண்ணுள்ள மண்டையோட்டைக் கண்டெடுத்ததால், அதற்கு 29 லட்சம் ஆண்டுகள் வயது சொல்லப்பட்டது. பெரிய மூளை கொண்ட ஒருவர் அவ்வளவு முன்பே வாழ்ந்தார் என்பது பலருக்கு நெருடியது.

முடிச்சை அவிழ்த்ததில் பெரும் பங்கு பன்றிகளுக்குத்தான். பன்றிப் பற்கள் காலப்போக்கில் வேகமாக மாறிவந்தவை. கேபிஎஸ் அடுக்கை ஒட்டிக் கிடைத்த பன்றிகள், எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கில் சுமார் 20 லட்சம் ஆண்டுப் படிவுகளில் கிடைத்த பன்றிகளோடு ஒத்துப்போயின. 26 லட்சம் ஆண்டுப் பன்றிகளோடு ஒத்துப்போகவில்லை. வாதம் சில ஆண்டுகள் சூடாகவே நடந்தது. வேறு ஆய்வகங்கள் சாம்பலை மீண்டும் அளந்து, 1980ஐ ஒட்டி, ஏறத்தாழ 18 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள் என்று முடிவுக்கு வந்தன. மண்டையோடும் ஏறக்குறைய 20 லட்சத்துக்கு இறங்கியது. ஒரே ஒரு முறையில் வந்த ஒற்றை எண்ணைப் பார்த்தால் நான் இன்றும் கொஞ்சம் தயங்குவேன்.

தோற்றத்தை வைத்து அனுமானிப்பது பற்றிக் கேட்டீர்கள். தென்னாப்பிரிக்காவில் 2013இல் கிடைத்த ஹோமோ நலேடி என்ற பழைய மனித இனத்தின் சிறிய மூளையைப் பார்த்துப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்டுப் பழமையை ஊகித்தவர்கள் உண்டு. பற்களையும் குகையின் சுண்ணப் படிவையும் அளந்து 2017இல் வெளியான வயது 3,35,000 முதல் 2,36,000 ஆண்டுகள் வரைதான்.

கேள்வி கேட்டவர்: செங்கை வாசகர்

மிக்க நன்றி. ஒரு துணைக் கேள்வி. திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் எரிமலைச் சாம்பலும் இல்லை, மனித எலும்பும் இல்லை, கற்கருவிகள்தாம் இருக்கின்றன. அங்கே 15 லட்சம் ஆண்டுகள் என்பதை எப்படிச் சொன்னார்கள்?

மறுமொழி: நிலவியல் மாணவி

அங்கே கல்லே கடிகாரம். தரைமேல் கிடக்கும் குவார்ட்ஸில் விண்வெளிக் கதிர்கள் மோதி அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகியவற்றை ஏறத்தாழ மாறாத விகிதத்தில் உண்டாக்குகின்றன. கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் உற்பத்தி நின்றுவிடும். அலுமினியம் சுமார் 7 லட்சம் ஆண்டுகளிலும் பெரிலியம் சுமார் 14 லட்சம் ஆண்டுகளிலும் பாதியாகும். விகிதம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதிலிருந்து புதைந்த காலம் தெரிகிறது. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்ட முடிவு இதில்தான் நிற்கிறது. மண்ணில் உறைந்திருக்கும் பழைய காந்தத் திசையையும் அவர்கள் பார்த்தார்கள். பூமியின் காந்த வடக்கும் தெற்கும் கடைசியாக இடம் மாறியது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. கருவிகள் கிடைத்த கீழடுக்குகளில் திசை தலைகீழாகவே இருந்தது. முற்றிலும் வேறான இரண்டு வழிகள் ஒன்றையொன்று தாங்குகின்றன.

மேலடுக்குகளுக்கு ஒளிர்வு முறை. மணல் துகள் கடைசியாக வெயில் பட்டது எப்போது என்பதை அது சொல்லும். அதனால் வெட்டிய குழியின் சுவரில் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, வெளிச்சம் புகாமல் இரு முனைகளையும் மூடிக் கொண்டுவர வேண்டும். ஆய்வகத்தில் மங்கலான சிவப்பு விளக்கில் குழாயைத் திறந்து, வெளிச்சம் பட்டிருக்கக்கூடிய முனை மண்ணை ஒதுக்கிவிட்டு, நடுவில் உள்ள மண்ணை மட்டும் அளப்பார்கள். ஒரு நொடி டார்ச் அடித்தாலும் அந்த மாதிரி கெட்டதுதான்.

மறுமொழி: பழைய வேதியியல் ஆசிரியர்

ஒரு சிறு சேர்க்கை. அதிரம்பாக்கத்தின் மேலடுக்குகளில் கருவி செய்யும் முறை மாறத் தொடங்கிய காலமாக 2018இல் வெளியான எண் 3,85,000. அதோடு ஒட்டிய பிழை எல்லை 64,000 ஆண்டுகள், கூடவோ குறையவோ. செய்தித்தாள்கள் முதல் எண்ணை அச்சடித்து இரண்டாவதை விட்டுவிட்டன. மகளுக்குச் சொல்லும்போது இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.