சம்பா நெல்லுல வட்டம் வட்டமா காயுது, குதிரைவாலிக் களையும் மேல நிக்குது. இப்ப என்ன செய்யட்டும்?

கழனிக்குத் திரும்பினவன், கே.வி.குப்பம் பக்கம்

எல்லாருக்கும் வணக்கம். அப்பா வெச்சிருந்த 1 ஏக்கர் 20 சென்ட் கழனி. அவர் போன பிறகு நான் வைக்கிற ரெண்டாவது சம்பா இது. ஆந்திரா பொன்னின்னு சொல்ற பிபிடி 5204. செப்டம்பர் 18 நடவு, இன்னிக்கு 56ஆம் நாள். கிணத்துத் தண்ணிதான், ஆனா இந்த மழைக்குக் கழனியில தண்ணி நின்னுகினே இருக்கு.

30ஆம் நாள் அங்கங்க இலை சுருண்டு வெள்ளைக் கோடு விழுந்துச்சு. கடையில கேட்டேன், சைபர்மெத்ரின் கொடுத்தாங்க. 10 நாள் விட்டு ரெண்டு முறை அடிச்சேன். பயிர் தேறட்டும்னு யூரியாவும் 1 மூட்டை கூடுதலா போட்டேன், கருகருன்னு வந்துச்சு. நேத்து பார்த்தா நடுவுல ரெண்டு இடத்துல கட்டில் அகலத்துக்கு வட்டமா நெருப்பு பட்ட மாதிரி காஞ்சு கிடக்குது. தூரை விலக்கினா தண்ணிக்குக் கொஞ்சம் மேல பழுப்பா சின்னப் பூச்சிங்க, கூட்டம் கூட்டமா.

களைக்கு பூட்டாகுளோர் வாங்கி வெச்சும், ஆள் வராம 9ஆம் நாள்தான் மணல்ல கலந்து தூவினேன். அன்னிக்கு ராத்திரியே நண்டு வளை வழியா தண்ணி போயிடுச்சு. இப்ப மேட்டுப் பக்கம் குதிரைவாலி நெல்லைவிட உசரம்.

அப்பா இருந்தப்ப இந்தக் கழனி இப்படிக் காஞ்சு நான் பார்த்ததில்ல. மனசே சரியில்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாலாத்தங்கரை

தண்டுல சாறு உறிஞ்சுற புகையான் பூச்சிதான், சந்தேகமே வேணாம். லேட் பண்ணா ஒரு வாரத்துல கழனி முழுக்கப் போயிடும். ரெண்டு மருந்தைக் கலந்து நாளைக்கே அடிச்சிடுங்க.

ஏரிக்கீழ் கழனி, அணைக்கட்டு

தம்பி, கலந்து அடிக்காதீங்க. மேல சொன்னவரும் நல்லதுக்குத்தான் சொல்றாரு, ஆனா நான் அப்படி அடிச்சு ஒரு சம்பாவுல அரை ஏக்கரை இழந்தவ.

உங்க கழனிக்குப் புகையான் வந்த வழியை முதல்ல பாருங்க. தூர் கட்டுற வயசுல கொஞ்சம் இலை சுருண்டா நெல்லு தானே ஈடு கட்டிக்கும். இலையில பத்துல ஒரு பங்குக்கு மேல சேதம் இருந்தாதான் மருந்தைப் பத்தி யோசிக்கணும். நீங்க அடிச்ச சைபர்மெத்ரின் சுருட்டுப்புழுவை மட்டும் கொல்லல. புகையானைத் தின்ற சிலந்தி, அதோட முட்டையை உறிஞ்சுற பச்சை நாவாய்ப்பூச்சி எல்லாத்தையும் கொன்னுடுச்சு. புகையான் முட்டை தண்டுக்குள்ள இருக்கும், அதுக்கு ஒண்ணும் ஆகல. பொரிச்சு வந்த குஞ்சுக்குக் காவலும் இல்ல, யூரியா போட்ட இளந்தண்டும் ரெடி. பிபிடி வேற புகையானைத் தாங்காத ரகம்.

இப்பவே மடையைத் திறந்து தண்ணியை வடியுங்க. 3, 4 நாள் காயட்டும், வெடிப்பு மட்டும் விழக்கூடாது. மழை வந்தா மறுபடியும் வடிக்கணும். 8 அடிக்கு ஒரு பட்டமா, அதாவது நடைவழி மாதிரி, நீளக் கம்பு விட்டுப் பயிரை ரெண்டு பக்கமும் சாய்ச்சு விடுங்க, அடித்தூருக்கு வெயிலும் காத்தும் போகணும். அடுத்த நடவுல இந்த ஒரு அடிப் பட்டத்தை முதல்லயே விட்டுடுங்க.

அப்புறம் எண்ணணும். காஞ்ச இடத்துல எண்ணாதீங்க, அது போனது போனதுதான். பச்சையா இருக்கிற இடத்துல குறுக்கா நடந்து 20 குத்து பாருங்க. ஒரு இடத்துல நட்டது மொத்தமும் ஒரு குத்து, அதுல இருக்கிற ஒவ்வொரு தண்டும் ஒரு தூர். சராசரியா ஒரு தூருக்கு 1 பூச்சி இருந்தா மருந்து தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்துச்சுன்னா தூருக்கு 2 வரைக்கும் பொறுக்கலாம். நான் விடியக்காலையில போவேன், பனியில சிலந்தி வலை நல்லாத் தெரியும்.

அடிச்சே ஆகணும்னா ஏக்கருக்கு பைமெட்ரோசின் 50 சதத் தூள் 120 கிராம், இல்ல பியூப்ரோபெசின் 25 சதம் 320 மில்லி, இதுல ஏதாவது ஒண்ணு மட்டும், 200 லிட்டர் தண்ணியில. நாசிலை அடித்தூருக்குப் பிடிக்கணும். இலை மேல தூவினா அத்தனையும் வீண். பியூப்ரோபெசின் குஞ்சு தோல் உரிக்கிறப்பதான் கொல்லும், 4, 5 நாள் ஆகும். மறுநாள் சாகலியேன்னு திரும்ப அடிக்காதீங்க. நான் இழந்தது அந்த அவசரத்துலதான். ரெண்டு நாளைக்கு ஒருமுறை விதவிதமா அடிச்சு, கடைசியில கழனியில ஒரு சிலந்திகூட மிஞ்சல.

இனி யூரியா வேணாம்.

விரிஞ்சிபுரத்துக்காரன்

அக்கா சொன்னது சரி. களைக்கு மட்டும் நான் சொல்றேன். பூட்டாகுளோர் முளைச்சு வர்ற களைக்குத்தான், நட்ட 3ஆம் நாளுக்குள்ள போடணும். மெல்லிசா தண்ணி கட்டி 2 நாள் வடியாம வெச்சாதான் மண்ணு மேல மருந்து படியும். பிஸ்பைரிபேக் சோடியம் தெளிக்கிற நாளும் தாண்டிடுச்சு, அது களை 2, 3 இலை விட்டிருக்கிறப்ப. இப்ப கைக்களைதான் வழி.

குதிரைவாலியா நெல்லான்னு ஆளுங்களுக்குச் சந்தேகம் வந்தா, இலை தண்டோட சேர்ற இடத்தைப் பார்க்கச் சொல்லுங்க. நெல்லுக்கு அங்க சவ்வு மாதிரி ஒரு நாக்கு இருக்கும், குதிரைவாலிக்கு வழவழன்னு ஒண்ணும் இருக்காது. கதிர் பழுத்துக் கொட்டுறதுக்குள்ள எடுத்துடணும், விட்டா அடுத்த போகமும் அதுதான். மருந்தடிச்ச கழனிப் புல்லை மாட்டுக்குப் போடாதீங்க.

மேட்டுல மட்டும் களைன்னா நடவுக்கு முன்னாடி பரம்பு அடிச்சுக் கழனியைச் சரியா மட்டம் பண்ணலன்னு அர்த்தம். தண்ணி ஏறாத இடத்துலதான் அது முளைக்கும். அடுத்த தடவை சேடை ஓட்டி, அதாவது தண்ணி கட்டிச் சேறாக உழுது, ஒரு வாரம் விட்டு, முளைச்ச களையை மடக்கி உழுதுட்டு நடுங்க. சந்தேகம்னா விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு குத்தைப் பிடுங்கி எடுத்துகினு போங்க, பார்த்துச் சொல்வாங்க.

கழனிக்குத் திரும்பினவன்

அக்கா, 9 நாள் கழிச்சு எழுதுறேன். அன்னிக்கே வடிச்சேன். எண்ணினப்ப தூருக்கு 3 இருந்துச்சு, 20 குத்துலயும் சேர்த்து ஒரே ஒரு சிலந்தி. பியூப்ரோபெசின் ஒரு தடவை, அடித்தூருக்கு. மூணாம் நாள் பூச்சி அப்படியே இருந்துச்சு. கை பரபரத்துச்சு, உங்க எழுத்தைத் திரும்பப் படிச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். இன்னிக்கு தூருக்கு அரைக்கும் கீழ வந்திருக்கு, காஞ்ச வட்டம் அதுக்கு மேல பெருசாகல. குதிரைவாலியை நானும் அம்மாவுமா ரெண்டு நாள் பிடுங்கினோம். அம்மாவுக்கு நாக்கைப் பார்க்கவே வேணாம், தூரத்துலயே தெரியுது.

ஏரிக்கீழ் கழனி, அணைக்கட்டு

சந்தோஷம் தம்பி. 4 நாளைக்கு ஒருமுறை எண்ணுறதை மட்டும் விட்டுடாதீங்க, கதிர் வந்த பிறகும் புகையான் ஏறும். அந்த நண்டு வளையைக் களிமண்ணு வெச்சு மிதிச்சு அடைச்சிடுங்க.