இசட்13எஸ் மெஷினுக்குப் பதில்: செகண்ட் ஹேண்ட் இசட்14-ஆ, புது இசட்16-ஆ?

மெட்ராஸ்_சிஸ்ப்ராக்:
வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் இருக்கும் ஒரு நடுத்தர இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சென்னையிலிருந்து மெயின்ஃப்ரேம் (பெரிய நிறுவனங்களின் மைய கம்ப்யூட்டர்) சப்போர்ட் பார்க்கிறோம். அவர்களிடம் இருப்பது ஐபிஎம்-மின் இசட்13எஸ், 2016-ல் வந்த மாடல். ஆப்பரேட்டிங் சிஸ்டம் இசட்/ஓஎஸ் 2.5, ஆன்லைனுக்கு சிஐசிஎஸ், டேட்டாபேஸ் டிபி2, ராத்திரி முழுக்க கோபால் மொழியில் எழுதிய பேட்ச் ஜாப்கள். மெஷின் இதுவரை ஒரு நாள் கூட மக்கர் பண்ணியதில்லை. ஆனால் மாற்றியாக வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஒரு புரோக்கர் செகண்ட் ஹேண்ட் இசட்14 இசட்ஆர்1 தருகிறேன் என்கிறார், புது இசட்16 ஏ02 விலைக்குப் பக்கத்தில்கூட வராத தொகை. கிளையண்ட் பக்க மேனேஜருக்கு அந்த விலையைப் பார்த்ததும் மனசு அங்கேயே நின்றுவிட்டது. செலவை ஒப்பிட்டு ஒரு ஷீட் கேட்டிருக்கிறார். பெட்டி விலை, கரண்ட், மெயின்டனன்ஸ் போட்டுவிட்டேன். வேறு என்ன விட்டிருக்கிறேன்?

எஸ்எம்எஃப்30:
நீங்கள் விட்டிருப்பதுதான் பெரிய தொகை. இந்த அளவு ஷாப்பில் பெட்டியை விட சாஃப்ட்வேர் பில்தான் கையைக் கடிக்கும். சப்-கெபாசிட்டியில் (முழு மெஷினுக்கு இல்லாமல் உபயோகித்த அளவுக்குப் பணம் கட்டும் முறை) இருந்தால், மாதத்தில் எந்த நான்கு மணி நேர ரோலிங் ஆவரேஜ் உச்சமோ அந்த எம்எஸ்யூ-வுக்குத்தான் (மெஷின் செய்யும் வேலையை அளக்கும் யூனிட்) ஐபிஎம் பில் வரும். புதிய தலைமுறை மெஷினுக்குப் போனால் அதே எம்எஸ்யூ-வுக்கு மாத சார்ஜில் கொஞ்சம் குறைப்பது வழக்கம், அது இரண்டு மாடலுக்கும் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், புரோக்கர் தரும் பெட்டி என்ன கெபாசிட்டி செட்டிங்கில் வருகிறது? தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் ஐபிஎம் பில் பெரிதாக மாறாது, ஆனால் முழு மெஷின் கெபாசிட்டியை வைத்துக் காசு கேட்கும் ஐஎஸ்வி-க்கள் (ஐபிஎம் அல்லாத சாஃப்ட்வேர் வெண்டர்கள்) இருக்கிறார்கள், அவர்கள் பில் ஏறிவிடும்.

இதை மெஷின் வாங்குவதற்கு முன்னாலேயே செய்யலாம்: கடைசி ஆறு மாத எஸ்சிஆர்டி ரிப்போர்ட்டை (ஐபிஎம் பில்லுக்கு ஆதாரமான உபயோகக் கணக்கு) எடுத்து, உச்சம் எந்த நாள் எந்த மணியில் விழுகிறது என்று பாருங்கள். எங்கள் இடத்தில் மாதக் கடைசி நாள் இரவு 9 மணிக்கு ஆன்லைன் இன்னும் அடங்காத நேரத்தில் ஒரு ரிப்போர்ட் ஜாப் ஓடும், அதற்காக யாருமே காத்திருக்கவில்லை, காலையில்தான் பார்ப்பார்கள். அதை விடியற்காலை 3 மணிக்குத் தள்ளினோம். அந்த மாதமே உச்சம் இறங்கியது. இதற்குப் புது மெஷின் தேவையே இல்லை.

லாக்ரெக்:
நான் பட்டதைச் சொல்கிறேன். ஐஎஸ்வி புராடக்ட் லைசன்ஸ் கீ பெரும்பாலும் சிபியு சீரியல் நம்பரோடு கட்டப்பட்டிருக்கும். நாங்கள் ஒரு முறை பழைய மெஷினை மலிவாக வாங்கினோம், கட்ஓவர் (புது மெஷினுக்கு மாறுவது) சனிக்கிழமை, கீ வாங்கும் வேலையை யாரும் முன்கூட்டியே தொடங்கவில்லை. ஒரு வெண்டர் கீ தர மறுக்கவில்லை, ஆனால் கூடவே டிரான்ஸ்ஃபர் கட்டணம் என்று ஒரு கோட் வந்தது. ஐபிஎல் (சிஸ்டம் பூட்) முடித்து, ஜாப்களை ஓட்டும் ஷெட்யூலர் எழும்பாமல் கன்சோலில் லைசன்ஸ் மெசேஜ் வரிசையாக ஓடியதை இன்னும் மறக்கவில்லை. வேறு வழியில்லாமல் அந்தத் தொகைக்கு ஒத்துக்கொண்டோம்.

மெட்ராஸ்_சிஸ்ப்ராக்:
ஐயோ, இது என் ஷீட்டில் இல்லவே இல்லை. புது மெஷினுக்குப் போனால் சீரியல் அப்படியே இருக்குமா?

லாக்ரெக்:
உங்களுக்கு இருக்காது. சீரியலை வைத்துக்கொண்டே அப்கிரேட் செய்வது பொதுவாக இரண்டு தலைமுறை வரைதான். இசட்13எஸ்-லிருந்து இசட்16 மூன்றாவது தலைமுறை. அதனால் கீ மாற்றும் வேலை இரண்டு வழியிலும் உண்டு, ஒரு தடவையா இரண்டு தடவையா என்பதுதான் கேள்வி. இசட்/ஓஎஸ் 3.1-க்குக் குறைந்தபட்சம் இசட்14 போதும், ஆனால் 3.2 இசட்15-லிருந்துதான் ஓடும். இசட்ஆர்1 வாங்கினால் 3.1-ஓடு நின்றுவிடுவீர்கள். சில வருடத்தில் இதே ஷீட்டை மறுபடி போட வேண்டும், இதே கீ, இதே டெஸ்டிங், இன்னொரு வார இறுதி.

காம்ப்3:
கோபால் ஆள் பேசுகிறேன். மெஷின் மாறினால் பேட்ச் தானாக வேகமாகிவிடும் என்று கணக்குப் போடாதீர்கள், கிகாஹெர்ட்ஸை வைத்தும் போடாதீர்கள். இசட்இசி12 5.5 கிகாஹெர்ட்ஸ், அடுத்து வந்த இசட்13 5.0 தான், ஆனாலும் ஒரு கோர் செய்யும் வேலை கூடியது. இன்சூரன்ஸ் என்றால் தொகை எல்லாம் காம்ப்-3 பேக்டு டெசிமலில்தான் (தசம இலக்கங்களை அப்படியே வைக்கும் வடிவம்) இருக்கும், அதற்கு இசட்14-ல் வெக்டர் இன்ஸ்ட்ரக்‌ஷன் வந்துவிட்டது. ஆனால் கோபால் 4-ல் கம்பைல் செய்த லோடு மாட்யூலுக்கு (ஓடத் தயாரான புரோகிராம்) அது இருப்பதே தெரியாது. கோபால் 6-ல் ஆர்ச் 12 (எந்த மெஷின் தலைமுறைக்கு என்று கம்பைலருக்குச் சொல்லும் எண்) கொடுத்துக் கம்பைல் செய்தால் இசட்14 வரை, 14 கொடுத்தால் இசட்16 வரை வந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் கிடைக்கும். டிஆர் சைட்டில் (பேரிடர் வந்தால் மாறிக்கொள்ளும் மாற்று இடம்) பழைய மெஷின் இருந்தால் அதற்குத் தக்கபடி ஆர்ச் எண்ணைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே போனதும் ஜாப் அபெண்ட் ஆகி பாதியில் நின்றுவிடும். ரீகம்பைல், ரிக்ரெஷன் டெஸ்ட் இரண்டுக்கும் ஆள் செலவு போடுங்கள். எல்லா புரோகிராமும் வேண்டாம், அதிக சிபியு தின்னும் முதல் இருபது போதும்.

எஸ்எம்எஃப்30:
இன்னொன்று. இப்போது டேட்டாவைச் சுருக்கும் இசட்இடிசி கம்ப்ரெஷன் கார்டு உபயோகிக்கிறீர்களா? இசட்ஆர்1-லும் அது தனி கார்டுதான், புரோக்கர் பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இசட்15-லிருந்து சிப்பிலேயே இருக்கிறது.

மெட்ராஸ்_சிஸ்ப்ராக்:
உபயோகிக்கிறோம், எஸ்எம்எஃப் லாக்ஸ்ட்ரீமுக்கு (சிஸ்டம் உபயோகப் பதிவுகள்). புரோக்கர் அனுப்பிய கான்ஃபிக் லிஸ்டை இப்போது திறந்து பார்த்தேன், அந்தக் கார்டு இல்லை. டிஆர் சைட்டில் இருப்பதும் இசட்13எஸ் தான். ஷீட்டை ஐந்து வருடக் கணக்காக மாற்றுகிறேன், ஐஎஸ்வி வெண்டர்களுக்குச் சீரியல் மாற்றம் பற்றி இன்றே மெயில் போடுகிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.