இது எந்த வருஷ வண்டி? கோத்தகிரி பக்கம் ஷெட்டில் நிற்கும் பழைய பிக்கப்

கட்டபெட்டுக்காரன்:
வணக்கம். தாத்தாவின் தேயிலைத் தோட்டத்து ஷெட்டில் ஒரு பிக்கப் பத்துப் பன்னிரண்டு வருஷமாக நிற்கிறது. இலை மூட்டை ஏற்றி ஃபேக்டரிக்கு ஓடிய வண்டி. வீட்டில் எல்லோருக்கும் அது வெறும் "ஜீப்". ஆர்.சி. புத்தகத்தில் பதிவு 1963 என்று இருக்கிறது, மாடல் எழுதிய இடத்தைக் கரையான் தின்றுவிட்டது. டீசல் இன்ஜின். மூக்கு கொஞ்சம் கூராக முன்னால் நீண்டிருக்கும், கிரில்லில் குறுக்காக மூன்று பட்டை. முன் கண்ணாடி நடுவில் கம்பி வைத்து இரண்டாக இருக்கிறது. மஹிந்திராவா, வேறா? மாடல் தெரியாமல் பார்ட்ஸ் கடையில் போய் என்னவென்று கேட்பது?

பழைய ஸ்பேனர்:
தம்பி, இன்ஜினை வைத்து வருஷம் பார்க்காதீங்க. மலையில் ஓடின பழைய பெட்ரோல் வண்டியில் பாதிக்கு மேல் டீசல் மாற்றினதுதான். டேப் எடுத்து முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை அளந்து சொல்லுங்க. 80 அங்குலம் என்றால் சி.ஜே. 3பி என்ற குட்டை ஜீப்பை வெட்டிப் பின்னால் பெட்டி கட்டியிருக்கிறார்கள். 91 வந்தால் அதைவிடக் கொஞ்சம் நீளமான மஹிந்திரா ஜீப் வகையறா. அதையும் தாண்டினால் கதையே வேறு.

குன்னூர் பனி:
பின் கதவின் வெளிப்பக்கத்தையும் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பெயிண்டுக்கு அடியில் எழுத்து இருக்கலாம்.

கட்டபெட்டுக்காரன்:
அண்ணா, இரண்டு தடவை அளந்தேன். 118 அங்குலம், பத்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. பின் கதவில் பச்சைக்கு அடியில் நீலம், அதற்கு அடியில் துரு பிடிக்காமல் அடிக்கும் சிவப்பு ரெட்-ஆக்சைடு, அப்புறம் தகடு. தகட்டிலேயே எழுத்து புடைத்திருக்கிறது. முதல் எழுத்து டபிள்யூ, நடுவில் இரண்டு எல்!

பழைய ஸ்பேனர்:
அப்போ சந்தேகமே இல்லை, வில்லிஸ் பிக்கப். ஜீப் தயாரித்த அமெரிக்கக் கம்பெனி அது. 1947 முதல் 1965 வரை வந்த வண்டி. ஆரம்பத்தில் ஜீப் மாதிரியே தட்டை முகம், நெட்டு வாக்கில் கிரில். 1950-ல் மூக்கு கூரானது, குறுக்கே ஐந்து பட்டை. 1954-ல் அது மூன்றானது. 1960-ல் முன் கண்ணாடி ஒரே துண்டாக வந்துவிட்டது. உங்களுடையது மூன்று பட்டை, இரட்டைக் கண்ணாடி. ஆக 1954-க்கும் 1959-க்கும் நடுவில். கிரில்லை யாரும் கழற்றி மாட்டிவிடலாம், ஆனால் கண்ணாடிச் சட்டம் கேபினோடு சேர்ந்தது, அதை நான் நம்புவேன்.

குன்னூர் பனி:
1963 இடிக்கிறதே?

பழைய ஸ்பேனர்:
அது பதிவு செய்த வருஷம்தானே. தயாரித்த வருஷமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டுச் சுவரில் சின்ன நம்பர் பிளேட் இருக்கிறதா பாருங்க. கம்பி பிரஷ் வேண்டாம், எண் அழிந்துவிடும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். அந்த எண்ணும் ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் ஒத்துப்போகணும். ஆர்.சி.யில் எரிபொருள் என்ன போட்டிருக்கு?

கட்டபெட்டுக்காரன்:
பெட்ரோல்.

பழைய ஸ்பேனர்:
நினைத்தேன். அப்போ பார்ட்ஸ் கடைக்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸ். டீசல் மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றாமல் ரோட்டில் எடுக்காதீங்க.

கட்டபெட்டுக்காரன்:
சரிங்க அண்ணா. பிளேட் கிடைத்துவிட்டது, மேலே ஒரு குளவிக் கூடு. சாயங்காலம் துடைத்துவிட்டு எண்ணைப் போடுகிறேன்.