பிலாட்டீஸ் கோட்பாடுகள்: ‘மையப்படுத்தல்’ வேண்டாம், ‘நடுவூன்றல்’ எப்படி?

அன்புள்ள குழுவினருக்கு,

மட்டக்களப்புக் கல்லடியில் நடக்கும் பிலாட்டீஸ் உடற்பயிற்சி வகுப்புக்கான துண்டுப்பிரசுரத்துக்காக, அதன் ஆறு கோட்பாடுகளுக்கும் அக்கரைப்பற்று டீச்சர் அனுப்பிய தமிழ்ச் சொற்களைப் பார்த்தேன். கட்டுப்பாடு, துல்லியம் இரண்டிலும் எனக்குக் குறையில்லை. இடிப்பது ‘சென்டரிங்’ என்பதற்குப் போட்ட ‘மையப்படுத்தல்’தான். நம் நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் அதிகாரப் பரவலாக்கம் பற்றிய கூட்டம் என்றே எண்ணுவார்கள். வயிறும் இடுப்பும் யார் நினைவுக்கும் வராது. பக்கத்திலேயே ‘ஒருமுகப்படுத்தல்’ வேறு இருக்கிறது. படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படும்.

சென்டரிங் என்பது மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது அல்ல. கீழ் விலாவுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட பகுதியிலிருந்து, அதாவது வயிறு, கீழ்முதுகு, புட்டம் எல்லாம் சேர்ந்த இடத்திலிருந்து, ஒவ்வோர் அசைவையும் தொடங்குவது. ‘நூறு’ என்ற பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் எழுப்பி, கால்களை உயர்த்தி, நீட்டிய கைகளை உடம்பின் பக்கவாட்டில் மேலும் கீழுமாக அடிக்க வேண்டும். ஐந்து அடிக்கு மூச்சை உள்ளே இழுத்து, ஐந்து அடிக்கு வெளியே விட வேண்டும். இப்படிப் பத்துச் சுற்று. புதிதாக வருபவர் கழுத்தை இழுத்துப் பிடிப்பார், கீழ்முதுகு பாயை விட்டு வளைந்து எழும். கைகள் அடிக்க அடிக்க நடு அசையாமல் தாங்கினால்தான் அது பிலாட்டீஸ். இல்லாவிட்டால் கழுத்துவலிதான் மிச்சம். (பாய் என்றதும் பன்பாயைக் கொண்டுவந்துவிடாதீர்கள். முதுகெலும்பில் உருளும் பயிற்சிகள் இருக்கின்றன, தடித்த விரிப்பு வேண்டும்.)

வாவியில் கம்பூன்றித் தோணி தள்ளுபவரைப் பாருங்கள். தள்ளுவது கை என்று தோன்றும். விசை புறப்படுவது இடுப்பிலிருந்து. ஆகவே ‘நடுவூன்றல்’ என்கிறேன். கல்முனைத் தம்பி சொன்ன ‘வயிற்றுக்கட்டு’ ‘மலக்கட்டு’க்கு மிகவும் நெருங்கிய உறவு. வகுப்புக்கு வருபவர்கள் மருந்துக் கடைக்குத் திரும்பிவிடுவார்கள்.

மூச்சுக்கு ‘பிராணாயாமம்’ போடலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. இங்கே வயிற்றைப் புடைக்க விடுவதில்லை. அதை உள்வாங்கி வைத்துக்கொண்டு, விலா பக்கவாட்டிலும் பின்புறமும் விரிய மூச்செடுக்கிறார்கள். ‘விலாமூச்சு’ என்றால் செய்முறையே சொல்லில் வந்துவிடும். அசைவிலிருந்து அசைவுக்கு அறாமல் போவதற்கு ‘ஒழுக்கு’ வேண்டாம், மாரி காலத்தில் கூரையைத்தான் நினைப்போம். ‘இழைவு’ போதும்.

ஆறு என்ற எண்ணையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஜேர்மனியில் 1883இல் பிறந்து, 1926இல் நியூயோர்க் போய்ச் சேர்ந்த ஜோசப் பிலாட்டீஸ் தம் முறையைக் ‘கன்ட்ரோலஜி’ என்றுதான் அழைத்தார். 1945இல் வந்த அவருடைய நூலில் 34 பயிற்சிகள் உண்டு, இந்தப் பட்டியல் இல்லை. அவர் 1967இல் மறைந்த பிறகு, 1980இல் ஃப்ரீட்மனும் ஐசனும் எழுதிய நூல் வழியாகத்தான் ஆறும் பரவின. பயிற்சியின் பெயரோ ஆளின் பெயர். அதைத் தமிழாக்க வேண்டாம். ஆனால் ‘பிலாத்தீஸ்’ என்று மட்டும் எழுதாதீர்கள். புளியந்தீவில், இயேசுவின் வழக்கில் பிலாத்து கைகழுவிய கதையைத் தெரியாதவர் இல்லை.

கல்லடியிலிருந்து

——

அண்ணன்,

வயிற்றுக்கட்டைக் கைவிட்டேன். விலாமூச்சுக்கு என் இரண்டு கையும் உயர்ந்திருக்கின்றன. ஆனால் வகுப்பில் ‘நடுவூன்றுங்கள்’ என்று குரல் கொடுத்தால், நாற்று நடச் சொல்வதுபோல் இருக்காதா?

கல்முனையிலிருந்து

——

தம்பி,

நம் பக்கத்தில் வீசி விதைப்பவர்கள்தான் அதிகம், அந்தப் பயம் வேண்டாம். இருந்தாலும் நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. தலைப்பில் ‘நடுவூன்றல்’ இருக்கட்டும். வாயால் சொல்லும்போது ‘நடுவை ஊன்றுங்கள்’ என்று உருபோடு சொல்வோம். டீச்சர், ‘ஒருமுகப்படுத்தல்’ சற்று நீளம். ‘ஒருமுகம்’ என்று நிறுத்தலாமா? அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.