ஹேக் செய்தது எந்த நாடு என்று சொல்ல ஏன் மாதக்கணக்கில் ஆகிறது?

கேள்வி:
சர்வதேச உறவுகள் முதுகலை படிக்கிறேன், கணினிப் பின்னணி கிடையாது. 2022 பிப்ரவரி 24, ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைவதற்குச் சற்று முன்பு, வயாசாட் செயற்கைக்கோள் இணையத்தின் மோடம்கள் ஆயிரக்கணக்கில் செத்துப்போயின. ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பு வரை அறுந்துபோனது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் அமெரிக்காவும் ரஷ்யாவின் பெயரைச் சொன்னது மே 10-ம் தேதிதான். ஏவுகணை என்றால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள். தாமதத்துக்குக் காரணம் தடயமா, அரசியலா?

பதில் 1:
தாக்குதல் நடந்த இடத்துக்குப் போய்த் தடயம் எடுப்பதுதான் பல வருடமாக என் வேலை. இரண்டும்தான் காரணம்.

முதலில் தடயம். ஒரு நிறுவனத்துக்குப் போனோம். சர்வர் லாக்குகளை, அதாவது யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவுகளை, 7 நாள் மட்டுமே வைத்திருந்தார்கள். திருடன் நுழைந்தது பல மாதம் முன்பு. எப்படி வந்தான் என்பதே தெரியவில்லை, அப்புறம் யார் என்று எங்கே சொல்வது? வந்த முகவரியைப் பிடித்துப் போனால், அது வேறொரு நாட்டில், அதுவும் ஏற்கெனவே ஹேக் ஆன யாரோ ஒருவருடைய கணினி.

பொய்த் தடயமும் வைப்பார்கள். 2018 பியாங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவைக் குழப்பிய மால்வேரில் (நாசவேலை செய்யும் மென்பொருளில்) வட கொரியக் குழுவின் கைவரிசை போலவே தடயம் பதிக்கப்பட்டிருந்தது. 2020 அக்டோபரில்தான் ரஷ்ய ராணுவ உளவுத்துறையினர் 6 பேர் மேல் அமெரிக்கா குற்றம் சாட்டியது. அன்றைக்கே அவசரப்பட்டு வட கொரியாவைக் கைகாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் பதறுகிறது.

அரசுகளுக்கு எங்களைவிட அதிகம் தெரியும், ஒட்டுக்கேட்கிறார்களே. ஆனால் ஆதாரத்தை வெளியே வைத்தால், எங்கே காது வைத்திருந்தோம் என்பதும் வெளியே வந்துவிடும். அதோடு நட்பு நாடுகள் எல்லாம் ஒரே நாளில் சொல்ல வேண்டும் என்றால், ஒவ்வொரு தலைநகரத்தின் சம்மதமும் வாங்கியாக வேண்டும். நாட்பெட்யா என்ற மால்வேர் 2017 ஜூனில் பரவியது. ரஷ்யாவின் பெயர் வந்தது 2018 பிப்ரவரியில்.

பதில் 2:
சட்டப் பக்கத்தையும் பாருங்கள். அமைதிக் காலத்தில் இன்னொரு நாட்டின் மின்சாரம், மருத்துவமனை போன்றவற்றில் கைவைக்கக் கூடாது என்பது 2015-ல் ஐ.நா. நிபுணர் குழு ஒப்புக்கொண்ட 11 நெறிகளில் ஒன்று. ஆனால் எல்லாமே விருப்பத்தின் பேரில், மீறினால் தண்டனை இல்லை. 2014-லேயே நேட்டோ சைபர் தாக்குதலும் 5-வது பிரிவுக்குள் (ஒரு உறுப்பு நாட்டைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கொள்ளும் பிரிவு) வரலாம் என்றது. எந்த அளவைத் தாண்டினால் என்று சொல்லவில்லை. பெரிய நாடுகள் எல்லைக்கோட்டை மங்கலாகவே வைத்திருக்க விரும்புகின்றன, ஏனென்றால் தாங்களும் செய்கிறார்கள். ஈரானின் நதான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் சென்ட்ரிஃப்யூஜ்களை உடைத்த, அமெரிக்காவும் இஸ்ரேலும் உருவாக்கியதாகப் பரவலாக நம்பப்படும் ஸ்டக்ஸ்நெட் மால்வேரை மறக்க வேண்டாம்.

கேட்டவர்:
அப்படியானால் பெயர் சொல்லி என்ன பிரயோஜனம்? மறுத்துவிட்டுப் போய்விடுகிறார்களே?

பதில் 1 எழுதியவர்:
பிரயோஜனம் உண்டு, ஆழமாக நம்புகிறேன். அல்பேனியாவைப் பாருங்கள். சின்ன நாடு. 2022 ஜூலையில் அரசின் இணையச் சேவைகள் முடங்கின. செப்டம்பர் 7-ம் தேதி பிரதமர் எடி ராமா ஈரானுடன் தூதரக உறவையே முறித்து, தூதரகத்தினர் 24 மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்றார். ஈரான் மறுத்தது, சரி. ஆனாலும் இதற்கு ஒரு விலை உண்டு என்று ஒரு அரசு செயலில் காட்டிவிட்டது.

எதிர்பாராத இடத்திலும் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. நாட்பெட்யாவில் அடிபட்ட மெர்க் மருந்து நிறுவனம் இன்ஷூரன்ஸ் கேட்டது. இது போர்ச் செயல், தர மாட்டோம் என்றன காப்பீட்டு நிறுவனங்கள். போர்ச் சேதத்துக்குப் பணம் கிடையாது என்ற அந்த விலக்கு இங்கே செல்லாது என்று நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்ப்பளித்தது. ராஜதந்திரிகள் தள்ளிப்போட்ட 'இது போரா?' என்ற கேள்வியை ஒரு காப்பீட்டு வழக்கு நேருக்கு நேர் சந்தித்தது!

ஆய்வேடு எழுதுகிறீர்கள் என்றால், அந்த மே 10 அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யா செய்தது என்று நேராகவே சொல்கிறது. பிரிட்டன் 'ஏறக்குறைய உறுதி' என்கிறது. எங்கள் தொழிலில் அந்த 'ஏறக்குறைய' என்ற சொல்லுக்காகத்தான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சண்டை போடுவோம்.