கட்டெறும்புக்குச் செஞ்ச பிளாஸ்ரர் கூடு பூஞ்சணம் பிடிச்சிட்டு, ஆளுகளும் வெளிய வந்திட்டாளுகள். உடைக்கிறதா, திருத்துறதா?

களுவாஞ்சிகுடி போன்கடை:

கொஞ்சம் நீட்டித்தான் எழுதுறன், பொறுத்து வாசிங்க.

களுவாஞ்சிகுடியில சின்னதா ஒரு போன் திருத்துற கடை வச்சிரிக்கன். போன ஐப்பசியில மாரி தொடங்கின முதல் மழைக்கு, கடை லைட்டச் சுத்தி ஈசலோட ஈசலா இறக்கை வச்ச கட்டெறும்பும் வந்து விழுந்திச்சு. அதில ஒருத்தி, பெருத்த வயித்தோட, நான் கழட்டிப் போட்டிருந்த மதர்போட்டுக்கு மேல ஏறி நிண்டு காலால இறக்கைய நெம்புறா. முதல்ல ஒரு பக்கம் விழுந்திச்சு, மறுகா மத்தப் பக்கம். விழுந்தத திரும்பியும் பாக்காம நடந்து போறா. அந்தப் போன எடுக்க வந்த ஆள் அரை மணித்தியாலம் சும்மா நிண்டதுதான் மிச்சம்.

பாமசியில 20 மில்லி சிறிஞ்ச் ஒண்டு வாங்கி, ஊசி பூட்டுற மூக்க குளூகன்னால அடைச்சன். உள்ளுக்க தண்ணி, அதுக்கு மேல இறுக்கமா பஞ்சு, அதுக்கு இஞ்சால ராணி, கடைசியா இன்னொரு பஞ்சு. கறுப்புத் துணியில சுத்தி லாச்சிக்குள்ள வச்சிட்டன். சாப்பாடு ஒண்டும் குடுக்கல்ல. பறக்கிற தசையக் கரைச்சித்தான் அவ முதல் பிள்ளைகள வளர்ப்பா எண்டு வாசிச்சிருந்தன், அதுபோலயே கார்த்திகைக் கடைசியில மூணு வேலைக்காரிகள் வந்தாளுகள். மெலிஞ்சி, சின்னனா, கட்டெறும்பு எண்டு சொல்லவே ஏலாத மாதிரி. நேத்து எண்ணினன், 17.

இனித்தான் பிரச்சினை. பொங்கல் லீவில கூடு செய்யக் குந்தினன். படத்துக்குப் பிறேம் போடுற கடையில ஏ4 அளவுக்குக் கண்ணாடி வெட்டி எடுத்தன். அதுக்கு மேல பிள்ளைகள் விளையாடுற களியால பன்னிரண்டு அறையும் அதுக்கு ஒழுங்கையும் பிடிச்சி வச்சி, சுத்தி மட்டை கட்டி, ரெண்டு கிலோ பிளாஸ்ரர் ஒப் பரிஸ ஒரு லீற்றர் தண்ணியில கரைச்சி ஊத்தினன். இறுகக்குள்ள சூடு கிளம்பும், கைய வச்சா தேத்தண்ணிக் கோப்பை மாதிரி. களியக் கிளறி எடுத்து மூணு நாள் காய வச்சன். தை மாசத்து மூணு நாள்! வெளிய மழை கொட்டுது. அந்தளவுக்கும் மூளை வேலை செய்யல்ல.

வீடியோவில ஒரு வெள்ளைக்காரன் ஒவ்வொரு நாளும் நடுவில தண்ணி விடச் சொன்னான். நானும் விட்டன். பத்து நாளில வெள்ளையா ஒரு பஞ்சு படிஞ்சிது, மறுகா பச்சை. கூடுதலா எங்க எண்டா, அவளுகள் கரப்பத்தான் கால் எல்லாம் கொண்டு போய்க் குவிச்ச அறையில. ஈரத்தில பிளாஸ்ரர் இளகி, கண்ணாடி ஓரமா கடிச்சிக் கடிச்சி ஒரு வழியும் எடுத்திட்டாளுகள். விடிய அம்மா தேத்தண்ணி போடப் போய் சீனிப் போத்தலத் திறந்தா, உள்ளுக்க நாலு பேர்.

"ஊருலகத்தில எறும்பக் கலைக்கக் காசு குடுக்கிறாங்க, இவன் காசு குடுத்து எறும்புக்கு வீடு கட்டுறான்" எண்டு அக்காவுக்குப் போன் எடுத்துச் சொல்லியிரிக்கா.

ராணியும் எல்லாரும் இப்ப திரும்பவும் சிறிஞ்சுக்குள்ளதான், அதுகளாப் போனதுகள். இந்தக் கூட்ட வெயிலில காய வச்சா சரி வருமா? இல்லாட்டி வேற எதால செய்யலாம்? ஆளுகள உள்ளுக்க நிப்பாட்ட என்ன வழி?

வாவிக்கரை ரீச்சர்:

தம்பி, உங்கட எறும்புகள் உங்களவிட வடிவா முடிவெடுத்திரிக்கு. சிறிஞ்சுக்குத் திரும்பிப் போனதே பதில்தான்.

பூஞ்சணத்த விட்டுட்டு முதல்ல அளவப் பாருங்க. பதினேழு பேருக்குப் பன்னிரண்டு அறை. ஒரு அறையில குடியிருப்பாங்க, மத்ததெல்லாம் குப்பைக் கிடங்கு. குப்பைய வெளிய கொண்டு போற பழக்கம் அவங்களுக்கு இரிக்கு, ஆனா உள்ளுக்கயே தூரமா ஒரு மூலை கிடைச்சா அதுதான் அவங்களுக்கு "வெளி". பூஞ்சணம் அங்க பிடிக்காம எங்க பிடிக்கும்?

அடுத்தது ஈரம். கூடு முழுக்க ஒரே ஈரமா இருக்கக்கூடாது. பிளாஸ்ரர் கூட்ட 1890களில செய்து காட்டினவர் ஷார்ல் ஜானே எண்ட பிரெஞ்சு எஞ்சினியர். அறைகள் வரிசையா இருக்கும், தண்ணிக் குழி ஒரு அந்தத்தில மட்டும். அந்தப் பக்கம் ஈரம், தூரப் போகப் போகக் காய்ஞ்சிரிக்கும். எறும்புக்கு அந்தத் தெரிவுதான் வேணும். முட்டையையும் அதில இருந்து வாற குடம்பிப் புழுவையும் ஈரப் பக்கம் வைக்கும், கூட்டுப்புழுவக் காய்ஞ்ச பக்கம் தூக்கிக் கொண்டு போகும். நீங்க நடுவில தண்ணி விட்டதால போக ஒரு காய்ஞ்ச இடமே இல்ல. உங்கட வெள்ளைக்காரன் ஹீற்றர் போட்ட அறையில இரிக்கிறான், அவன்ட கூடு ஒரு நாளில காயும். எங்கட மாரியில போட்ட உடுப்பே மூணு நாளைக்குக் காயாது.

இன்னொண்டு. ஊரில "எறும்பு முட்டை" எண்டு சொல்ற அரிசி மாதிரி வெள்ளை உருண்டை முட்டையில்ல, கூட்டுப்புழு. கட்டெறும்பில அது பட்டு சுத்தின உறைக்குள்ள இரிக்கும். உண்மையான முட்டை ரவை அளவுதான். அதத் தெரிஞ்சா எந்த அறையில எது கிடக்கு எண்டு பாத்தே ஈரம் சரியா பிழையா எண்டு சொல்லலாம்.

பாக்கிறதுக்கு கண்ணாடிக்கு மேல ஒளி போற சிவப்புத் தாள் ஒட்டுங்க. எறும்புக்குச் சிவப்பு சரியாத் தெரியாது. 1880களிலேயே ஜோன் லபொக் எண்ட இங்கிலாந்து ஆய்வாளர் நிற ஒளிகளுக்குக் கீழ எறும்புகள வச்சிப் பாத்திரிக்கிறார். அவர் கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவில வளத்த ஒரு ராணி ஏறக்குறைய 15 வருஷம் இருந்திச்சு. அம்மாக்கு இத இப்ப சொல்ல வேணாம்.

அக்கரைப்பற்று காக்கா:

தம்பி, அந்தப் பிளாஸ்ரரத் தூக்கிக் குப்பையில போடுங்க. வெயிலில காய வச்சா மேல மட்டும் வெளுக்கும், அடுத்த தண்ணிக்குத் திரும்ப வரும்.

எங்கட வாப்பா மேசன், அதால எனக்குத் தெரிஞ்சது கல்லுதான். சூளையில சுட்ட நாட்டுக் கல்லு ஒண்டு எடுங்க. மெசின் கல்லு வேணாம், அது இறுக்கம். நகத்தால சுரண்டினா செம்மண் வாற கல்லாப் பாத்து எடுக்கணும். அத ஒரு இரவு தண்ணியில ஊறப் போடுங்க. ஊறின கல்லு பழைய ஸ்க்ரூ றைவருக்கே வழி விடும், தூசியும் பறக்காது.

குடையிறதுக்கு முதல் ஒரு வேலை இரிக்கு, கனபேர் இத விட்டுட்டுப் புறகு அழுவாங்க. சீமெந்துத் தரையில கொஞ்சம் மணலும் தண்ணியும் போட்டு, கல்லுட பெரிய முகத்த அதில வச்சி வட்டமா தேயுங்க. கை நோகும். கண்ணாடிய மேல வச்சிட்டு ஓரத்தில கடதாசி நுழைச்சிப் பாருங்க, நுழையாட்டி சரி. உங்கட ஆளுகள் வெளிய வந்தது கண்ணாடி ஓரத்தால, ஞாபகம் இரிக்கட்டும்.

புறகு நாலு அறை. பத்து ரூவாக் குத்தி அளவு அகலம், சின்ன விரல் நகமளவு ஆழம். கூட வேணாம். கல்லுட ஒரு அந்தத்தில தனிக் குழி, அறைக்கும் அதுக்கும் நடுவில ரெண்டு விரல் கல்லு விடணும். தண்ணி அந்தக் குழியில மட்டும்தான், கல்லு தானா உறிஞ்சிக் குடுக்கும். ரீச்சர் சொன்ன பிரெஞ்சுக்காரரும் எங்கட வாப்பாவும் ஒரே கட்சிதான் போல.

கண்ணாடிய சிலிக்கன் போட்டு ஒட்டாதீங்க. ரெண்டு இறுக்கமான றப்பர் பான்ட் காணும், தேவைப்பட்டாக் கழட்டலாம். சிறிஞ்சில இருந்து கல்லுக்குப் பாதை போட சேலைன் ரியூப் வெட்டிப் போடுவாங்க சில பேர். அதுக்குள்ளால வேலைக்காரி போவா, ராணி போகமாட்டா. நான் அதில ஒரு மாசம் ஏமாந்தன். மேசன்மார் தண்ணி மட்டம் பாக்கிற லெவல் ரியூப் இரிக்கே, அது ஒரு சாண் வாங்குங்க, கட்டெறும்பு ராணிக்கு அளவெடுத்த மாதிரி.

ஆளுகள் வெளிய போறதவிட எனக்குப் பயம் வெளிய இருந்து வாறதுதான். என்ட முதல் கூட்ட சின்னச் சிவத்த எறும்பு ஒரே இரவில முடிச்சிட்டு. விடிய எழும்பிப் பாத்தா ராணிட தலை மட்டும் கிடந்திச்சு, மத்ததெல்லாம் வரிசையில போய்க்கொண்டு இரிக்கு. அண்டையில இருந்து மேசைக் காலுக்குக் கீழ தண்ணிச் சிரட்டை, உம்மா சாப்பாட்டு அலுமாரிக்கு வைக்கிற மாதிரி. ரெண்டு நாளைக்கு ஒருக்காத் தண்ணிய மாத்துங்க, இல்லாட்டி நுளம்பு முட்டை போட்டு, டெங்கு பாக்க வாற சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வழக்கு எழுதிட்டுப் போயிடுவார்.

மட்டுநகர் 22:

இவ்வளவு பாடுபடுறதுக்கு ஒன்லைன்ல வெளிநாட்டு ராணி வாங்கலாமே? கலர் கலரா விக்கிறாங்க.

வாவிக்கரை ரீச்சர்:

வேணாம் மனே. 2025ல கென்யாவில ரெண்டு பெல்ஜியப் பொடியனுகள் 5,000 அளவில ராணி எறும்ப ரியூப்புகளில அடைச்சி வச்சிருந்து பிடிபட்டானுகள். ஆளுக்கு பத்து லட்சம் கென்ய ஷில்லிங் தண்டம். காச விடுங்க, இஞ்ச ஒரு வெளிநாட்டு ராணி தப்பி ஓடினா அத ஆர் திரும்பப் பிடிக்கிறது? காக்காட கூட்ட முடிச்ச மாதிரி ஒண்டு எங்கட தோட்டத்துக்குள்ள இறங்கினா என்ன செய்வீங்க? இந்தத் தம்பிட எறும்பு தப்பினா, அது பிறந்த ஊருக்குத்தான் போகும்.

களுவாஞ்சிகுடி போன்கடை:

மூணு கிழமைக்குப் புறகு எழுதுறன், ரெண்டு பேரும் மன்னிக்கணும்.

காக்கா, கல்லுத் தேய்ச்ச கைக்கு இன்னும் தோல் வரல்ல. மதர்போட்டில தலைமயிர் அளவு வயர் ஒட்டுற கை இது, கல்லில நாலு குழி நேரா வரல்ல. ஒரு அறை குடைஞ்சி முடியக்குள்ள ஓரம் பேந்து விழுந்திட்டு, ரெண்டாவது கல்லுதான் சரி வந்திச்சு. அவளுகள் வெளிய வந்து சாப்பிடக் கூட்டோட சேத்து வச்ச போத்தல்ட வாய்க்குப் பேபி பவுடர ஸ்பிரிட்டில குழைச்சிப் பூசச் சொன்னாங்க கடைக்கு வாற ஒரு ஆள். பூசின அண்டைக்கு நல்லாத்தான் இரிந்திச்சு, மழைக் குளிருக்கு அடுத்த நாளே செதில் செதிலா உதிர்ந்திட்டு. இப்ப வசலின் மெல்லிசா ஒரு விரலகலம் பூசியிரிக்கன், ஏறி வந்து உணர் கொம்பால தொட்டுட்டுத் திரும்பிடுறாளுகள்.

குடி மாத்தினது எப்பிடி எண்டு சொல்லணும். ஊதியும் தள்ளல்ல, கொட்டவும் இல்ல. சிறிஞ்சுக்கு மேல கிடந்த கறுப்புத் துணிய எடுத்துக் கல்லுக்கு மேல போட்டுட்டு, சிறிஞ்சு வெளிச்சத்தில கிடக்கட்டும் எண்டு விட்டன். முதல் நாள் ஒருத்தி மட்டும் போய்ப் போய் வந்தா. ரெண்டாம் நாளும் அவதானோ வேற ஆளோ தெரியாது. மூணாம் நாள் ராத்திரி கடை பூட்டி வந்து, சிவப்புத் தாளுக்கால ரோச் அடிச்சிப் பாக்கிறன், ரியூப்புக்குள்ள ஊர்வலம். ஒருத்தி இன்னொருத்தியத் தாடையில கவ்வித் தூக்கிக்கொண்டு போறா, தூக்குப்படுறவ காலெல்லாம் மடக்கிக்கொண்டு பொதி மாதிரி அசையாமக் கிடக்கிறா. ஒரு மணி வரைக்கும் இரிந்து பாத்தன்.

ரீச்சர், முட்டையெல்லாம் தண்ணிக் குழிப் பக்கத்து அறையில, வெள்ளை உறை ஒன்பதும் கடைசி அறையில. சொன்ன மாதிரியே. குப்பைய ரியூப்பால வெளிய கொண்டு வந்து போத்தல் மூலையில போடுறாளுகள். சிரட்டை நாலும் அம்மாதான் எடுத்துத் தந்தா, அது எனக்காக இல்ல, சீனிப் போத்தலுக்காக.

ஒண்டுதான் விளங்கல்ல. எல்லாரும் போய் இண்டைக்கு நாலு நாள், ராணியும் ரெண்டு வேலைக்காரிகளும் மட்டும் வெளிச்சத்தோட சிறிஞ்சுக்குள்ளயே நிக்கிறாங்க. பஞ்சுத் தண்ணியும் முடியப் போகுது. இடுக்கியால மெல்லத் தூக்கி வச்சா என்ன?

அக்கரைப்பற்று காக்கா:

இடுக்கிய மேசையில வைங்க தம்பி. தண்ணி முடியட்டும், அவவே நடப்பா. மத்தது, சித்திரை தாண்டிக் கச்சான் காத்துக் கிளம்பினா அந்தக் குழியில காலையில ஊத்தின தண்ணி பின்னேரம் இரிக்காது. அப்ப ஒரு நாளைக்கு ரெண்டு தரம் பாருங்க.

களுவாஞ்சிகுடி போன்கடை:

சரி காக்கா. இடுக்கிய லாச்சிக்குள்ளயே வச்சிட்டன்.